வெளியே போன சாவி

எங்கள் அண்ணியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்லை. நாத்தனார்தானே, கூட்டித்தான் சொல்வாள் என்று நினைக்கிறவர்கள் என் அண்ணனையே கேட்டுக்கொள்ளலாம். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனைக்கு வந்த பிறகு, கேஸை மூடினேனா என்று நின்றுவிடுவாள். திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பூட்டை இழுத்துப் பார்த்தேனா என்று மறுபடி நிற்பாள். வழக்கமில்லாத நேரத்தில் வாசல் மணி அடித்தால் முகம் வெளுத்துவிடும். கூரியர்காரனிடம் கையெழுத்துப் போடும்போதுகூடக் கை நடுங்கும். வயதில் என்னைவிடச் சின்னவள்தான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே, அதனால் நேரில் 'நீங்க, வாங்க' எல்லாம் உண்டு. எழுதும்போது 'அவள்' என்றுதான் எழுதுவேன், அவள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்துக்கொள்ளவும் அவளுக்குப் பயம்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறோம். பிரசவத்துக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் மட்டுமான சின்ன ஆஸ்பத்திரி. நான் மாடியில், மாதம் நிறைவதற்கு முன்னால் பிறந்துவிட்ட குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் நர்ஸ். அண்ணி மாடிப்படிக்கு அடியில் இருக்கிற கம்ப்யூட்டர் அறையில். அது அறை என்பது பேச்சுக்குத்தான். நிமிர்ந்தால் தலை இடிக்கும், பக்கத்தில் துடைப்பம் வைக்கிற இடம், எந்நேரமும் பினாயில் வாடை. கரண்ட் போனால் யுபிஎஸ் கூவும். இத்தனை வருடமாகக் கூவுகிறது, இன்னும் ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போடும் அவளுக்கு.

ஆபரேஷன் ஆன தாய்மார்கள் கீழ்த்தளத்தில் படுத்திருப்பார்கள். குழந்தை மாடியில். தையல் ஆறாமல் படியேற முடியாது, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. குழந்தையின் முகத்தைச் சரியாகப் பார்க்காமலே சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருப்பார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல் பெரிய டாக்டரம்மா அண்ணியைக் கூப்பிட்டு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். அண்ணி ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சின்ன கேமராவும், தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்பீக்கரும் மாட்டினாள். தாய் கீழே படுத்தபடி போனில் ஒரு பக்கத்தைத் திறந்தால் தன் குழந்தை தெரியும். மைக்கை அழுத்தினால் அவள் பேசுவது மெல்லிசாகப் பெட்டிக்குள் கேட்கும். இதெல்லாம் எதற்கு, குழந்தையைத் தூங்கவிடுங்கள் என்று நான்தான் முதலில் சண்டை பிடித்தேன். அப்புறம் அம்மா குரல் கேட்டதும் ஒரு குழந்தை மூடியிருந்த விரலை விரித்ததைப் பார்த்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

வினை வந்தது பிரவுசர் வழியாக. ஆஸ்பத்திரிக்குள் மட்டுமே ஓடுகிற பக்கம் அது. அதற்கு வெளி உலகத்தில் பெயரோ விலாசமோ கிடையாது. பிரவுசர் அதைத் திறந்ததும், இந்த இடம் பாதுகாப்பானதில்லை, உங்கள் தகவலை யாரோ திருடப் பார்க்கலாம் என்று சிவப்பாக ஒரு எச்சரிக்கையைக் காட்டும். வயிற்றில் தையலோடு படுத்திருக்கிறவள் 'திருட' என்ற சொல்லைப் பார்த்து, என் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அலறினாள் ஒருமுறை. அதோடு, பாதுகாப்பு இல்லாத பக்கத்துக்கு பிரவுசர் மைக்கைக் கொடுக்கவே கொடுக்காது.

எங்கள் நர்ஸுகள் சும்மா இருப்பார்களா? கீழே பொடி எழுத்தில் 'பரவாயில்லை, உள்ளே போ' என்கிற மாதிரி ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் சில போனில் திறந்துவிடும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அண்ணி அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள்.

"அத மட்டும் சொல்லிக்கொடுக்காதீங்க. இன்னிக்கு நம்ம பக்கத்துக்கு அழுத்துவாங்க, நாளைக்கு எவனோ ஒரு திருடனோட பக்கத்துக்கும் கண்ண மூடிக்கிட்டு அழுத்துவாங்க. பழக்கிவிட்ட பாவம் நமக்கு."

இந்தப் பக்கத்தை நம்பலாம் என்று பிரவுசருக்குச் சொல்கிற சான்றிதழ் ஒன்றை வெளியே காசு கொடுத்து வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்டேன். பெயர் விலாசம் இல்லாத இடத்துக்கு எவனும் சான்று தரமாட்டான் என்றாள். அதனால் அவளே ஒன்றைத் தயாரித்தாள். எனக்குப் புரிகிற மாதிரி அவள் சொன்னது இதுதான். அவள் கம்ப்யூட்டரில் ஒரு முத்திரைக் கட்டை செய்தாள். அதற்குப் பெயர் சாவி. அந்தக் கட்டையால் குத்தினால் எப்படிப் பதியும் என்று காட்ட ஒரு மாதிரிப் பதிவும் செய்தாள். அதுதான் சான்றிதழ். மாதிரியை எல்லார் போனிலும் போட்டுவிட்டால், அந்த முத்திரை குத்தின பக்கம் எது வந்தாலும் போன் நம்பும். மாதிரி யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம். கட்டை மட்டும் வேறு யார் கைக்கும் போகக்கூடாது.

ஒவ்வொரு போனிலும் அவளே உட்கார்ந்து போட்டாள். அதிலும் ஆயிரம் தொல்லை. திரைக்குப் பூட்டுப் போட்டால்தான் சான்றிதழை உள்ளே விடுவேன் என்று போன் அடம்பிடிக்கும். இதுவரை போனுக்குப் பூட்டே போடாத பெண்கள் பூட்டுப் போட்டார்கள். ஒரு புருஷன்காரன், பிள்ளை பெத்த கையோட என் பெண்டாட்டி எதுக்குப் போனைப் பூட்டுறா என்று வார்டு வாசலில் நின்று சத்தம் போட்டான். உன் பிள்ளையைப் பார்க்கத்தான்டா மகராசா என்று நான் போய் அவனை உள்ளே இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். எல்லாம் போட்டு முடித்தால், உங்கள் இணைப்பை யாரோ ஒருவர் கண்காணிக்கக்கூடும் என்று போன் ஒரு அறிவிப்புக் காட்டும். அந்த நேரத்தில் அண்ணி தாயின் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"அந்த யாரோ நான்தாம்மா. பயப்படாம பேசு. நீயும் உன் குழந்தையும் தவிர வேற யாரும் கேக்க மாட்டாங்க."

எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் இன்னொருத்தியைப் பயப்படாதே என்று சொன்னது இதற்காக மட்டும்தான். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவர்கள் நம்பினார்கள், பேசவும் செய்தார்கள்.

தாய்மார்கள் கூடிக்கொண்டே போனதும், ஒவ்வொருவருக்கும் அவளே போட முடியவில்லை. சான்றிதழ் ஃபைலை ஆஸ்பத்திரி வைஃபையில் ஒரு இடத்தில் வைத்தாள். போனில் அதைத் திறந்து இறக்கிக்கொண்டால் போதும், நர்ஸ் யாராவது கூட இருந்து போட்டுவிடுவோம். இப்படியே பல மாதம் ஓடியது.

ஒரு மத்தியானம் ஒரு தாயின் தங்கை, காலேஜ் படிக்கிற பெண், மாடியில் என்னிடம் வந்து நின்றாள். "சிஸ்டர், அங்க ரெண்டு ஃபைல் இருக்கு. முதல் ஃபைல் உள்ள போயிடுச்சு. ரெண்டாவது திறக்கவே மாட்டேங்குது. அதையும் போடணுமா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் படிக்கு அடியில் போய், உங்கள் கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமாமே அண்ணி என்று கிண்டலாகச் சொன்னேன்.

அவள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். மூடி கையிலிருந்து விழுந்தது. எடுக்கவில்லை. கம்ப்யூட்டரில் எதையோ திறந்து பார்த்தாள். பேயறைந்த மாதிரி இருந்தது முகம். தண்ணீர் கொடுத்தேன், வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தாள். "சாவி வெளிய கிடக்கு," என்றாள்.

நடந்தது இதுதான். அவள் எதையும் ஒரே இடத்தில் வைக்கமாட்டாள். தொலைந்துவிடுமோ, மெஷின் படுத்துவிடுமோ என்று பயம். வீட்டில் பீரோ சாவிக்கு எத்தனை மாற்றுச் சாவி இருக்கிறது என்று என் அண்ணனுக்கே தெரியாது. அதே மாதிரி அந்த முத்திரைக் கட்டைக்கும் அங்கங்கே பிரதி எடுத்து வைத்திருக்கிறாள். அப்படி எடுத்து வைத்த ஒரு ஃபோல்டரைத்தான், உள்ளே சான்றிதழ் மட்டும் இருக்கிறது என்று நினைத்து, வைஃபையில் எல்லாரும் எடுக்கிற இடத்தில் அப்படியே வைத்துவிட்டாள். உலகத்தில் யார் கைக்கும் போகக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்ததை, பொத்தி வைக்கிற அவசரத்தில் அவளே கடைத்தெருவில் வைத்திருக்கிறாள். வேறு எவள் செய்திருந்தாலும் கவனக்குறைவு என்று சொல்லியிருப்பேன். இவள் கவனம் தாங்காமல் செய்தாள்.

வைஃபை பாஸ்வேர்டு காத்திருக்கும் கூடத்தில் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள், மருந்துக் கம்பெனிக்காரர்கள், மழைக்கு ஒதுங்குகிறவர்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இதில் யார் அந்த இரண்டாவது ஃபைலை எடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டேன். கடைசிச் சில நாள் கணக்கு மட்டும்தான் மெஷினில் இருக்கும், பழையது தானே அழிந்துவிடும் என்றாள். இருக்கிற கணக்கிலும் சிலர் எடுத்திருந்தார்கள். அந்தக் காலேஜ் பெண்ணைப் போல தெரியாமல் எடுத்தவர்களா, தெரிந்து எடுத்தவனா, எப்படித் தெரியும்?

"எடுத்து என்ன பண்ணிடப் போறாங்க?" என்றேன், என் பங்குக்குத் தைரியமாக.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தக் கட்டை கையில் இருக்கிறவன் எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் போலியாகச் செய்யலாம். பேங்க் பக்கம், அரசாங்கப் பக்கம், எதுவானாலும் சரி. நம் சான்றிதழ் இருக்கிற போன்கள் சிவப்பு எச்சரிக்கை எதுவும் காட்டாமல் தலையாட்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்ட அத்தனை பேர் போனிலும் அது இருக்கிறது. அப்புறம் இன்னொன்று. அவன் இந்தக் கூடத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு போனுக்கும் பெட்டிக்கும் நடுவில் புகுந்திருந்தால், தாய்மார்கள் குழந்தையிடம் பேசினதெல்லாம் அவனுக்கும் கேட்டிருக்கும். இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

என் போனிலும் அந்தச் சான்றிதழ் இருந்தது. அதுவரை அவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக்கொண்டிருந்தவள், படியேறும்போது காத்திருக்கும் கூடத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்த ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு வழுக்கைத் தலைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினேன். பாவம், அவர் யாரோ ஒரு தாத்தா.

சாயங்காலம் இரண்டு பேரும் டாக்டரம்மா அறைக்குப் போனோம். டாக்டரம்மா நடந்து போனாலே எழுந்து நிற்கிறவள் அண்ணி. எல்லாவற்றையும் மென்று முழுங்காமல் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் பயம்தான், அதை மறைக்கத்தான் துடைத்தார் என்று எனக்குப் பட்டது. அந்த ஃபைலை எடுத்துவிடு, பழையதைக் கடாசிவிட்டுப் புதிதாக ஒன்று செய், உள்ளே இருக்கிறவர்கள் போனில் மாற்று, அதோடு முடிந்தது என்றார். வீட்டுக்குப் போனவர்களைக் கூப்பிட்டு ஊரெல்லாம் தமுக்கடிக்க வேண்டாம், இந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு பெயர் இருக்கிறது என்றார்.

அண்ணி நகரவில்லை. சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"அவங்க போன்ல அது இன்னும் இருக்கு டாக்டர். நான் சொல்லித்தான் போட்டாங்க. நான் சொன்னாத்தானே எடுப்பாங்க?"

டாக்டரம்மா அவளையே பார்த்தார். பிறகு, ஆஸ்பத்திரி போனிலிருந்து கூப்பிடாதே, என் பெயர் வரக்கூடாது, அதற்குமேல் உன் இஷ்டம் என்று சொல்லி அடுத்த நோயாளியை வரச்சொன்னார். வெளியே வந்ததும் அண்ணி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கூப்பிட ஆரம்பித்தோம். அந்தக் கூத்தை என்னவென்று சொல்வது? முன்பின் தெரியாத நம்பரிலிருந்து ஒருத்தி நடுங்குகிற குரலில், உங்கள் போனில் செட்டிங்ஸைத் திறங்கள், பாதுகாப்பு என்று இருக்கும் அதை அழுத்துங்கள் என்றால் யார் கேட்பார்கள்? ஏமாற்றுக்காரர்கள் பேசுவதும் இதே பேச்சுதானே? ஒரு மாமியார், ஓடிபி கேட்டால் செருப்பால் அடிப்பேன் என்றாள். இன்னொரு வீட்டில் புருஷன் போனை வாங்கி, உன் நம்பரைப் போலீஸில் கொடுக்கிறேன் என்றான். அண்ணி அதற்கும், கொடுங்க சார், ஆனா அத எடுத்துட்டு அப்புறம் கொடுங்க என்று கெஞ்சினாள். எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கி, "இந்தாம்மா, பாலை ஒரே மூச்சில் ஊத்தாதேன்னு உன்னைத் திட்டினேனே, அந்த சிஸ்டர் பேசறேன்" என்றேன். எதிர்முனையில் உடனே குரல் மாறியது. "ஐயோ சிஸ்டர், நீங்களா, சொல்லுங்க." என் குரலை அத்தனை பேருக்கும் ஞாபகம் இருந்தது. திட்டினதற்கு இப்படி ஒரு பலன் உண்டு என்று எனக்கு இதுவரை தெரியாது.

அதன் பிறகு நான் பேசினேன், அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து எங்கே அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொருவரிடமும் கடைசியில், போனில் சமீபத்தில் ஏதாவது வித்தியாசமாக நடந்ததா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டுப் பதில் வருகிற வரைக்கும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஒருத்தி, ஆமாம் சிஸ்டர், ஒரு வாரமாகப் போன் ஒரு மாதிரியாகவே இருக்கிறது என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் உயிர் போய்விட்டது. விசாரித்தால், மூத்த பையன் அதைத் தண்ணீர் வாளியில் போட்டிருக்கிறான். அண்ணி சிரிக்கவில்லை. எனக்கும் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

பல நாள் ஆனது. வேலைக்கு நடுவில், பஸ்ஸில், சமையலறையில் நின்று என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். கடைசியில் ஒருத்தி மட்டும் பாக்கி. இரண்டு பேருக்குமே தெரியும். யாரும் அவள் பேச்சை எடுக்கவில்லை.

அவள் குழந்தை பிழைக்கவில்லை. மூன்றாம் பெட்டியில் இருந்த ஆண் குழந்தை. உள்ளங்கையில் அடங்குகிற உருவம். ஒரு மாதத்துக்கு மேல் போராடிப் பார்த்தது. அந்த நாட்களில் கீழே படுத்துக்கொண்டு அவள் பேசினது போல வேறு எந்தத் தாயும் பேசினதில்லை. டிஸ்சார்ஜ் ஆன பிறகும் தினமும் வந்து, மாடிக்கு விடாத நேரமெல்லாம் கீழே பெஞ்சில் உட்கார்ந்து போனில் பேசிவிட்டுப் போவாள். குழந்தை போனது என் டியூட்டியில். துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தது நான்.

"அவள விட்டுடலாம் அண்ணி," என்றேன். "போன்ல போய் இத எப்படிச் சொல்றது? ஒருத்தி போன்ல இருந்துட்டுப் போகட்டும்."

"அவளுக்கு நான் என் கையால போட்டேன்," என்றாள் அண்ணி. அவ்வளவுதான்.

நேரில் போவது என்று முடிவானது. அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள், கண்ணாடிச் சில்லை ஃப்ரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துக் கொடுக்கிற வேலை. பஸ்ஸில் அண்ணி என் மணிக்கட்டை விடவே இல்லை, விரல் பதிந்துவிட்டது. நான் வழியெல்லாம் ஓதிக்கொண்டே போனேன். போனோமா, போனில் இருக்கிறதை எடுத்தோமா, வந்தோமா என்று இருக்க வேண்டும். பேங்க், கள்ளத்தனம் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். அவள் பேசினதை யாரோ கேட்டிருக்கலாம் என்கிற பேச்சை மட்டும் எடுக்கவே கூடாது. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சாதீர்கள் அண்ணி என்றேன். சரி சரி என்று தலையாட்டினாள்.

கடை ஒடுக்கமானது. முன்னால் ஃப்ரேம்கள் மாட்டிய கண்ணாடிச் சுவர், பின்னால் ஒரு தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் அவள் தேய்ப்பு மெஷின் முன் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள். நிறுத்தின பிறகும் கையில் இருந்த சில்லைக் கீழே வைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு எந்த நாள் ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியாதா? என்ன பேசுவது என்று தெரியாமல், நல்லா இருக்கியாம்மா என்று ஒரு அசட்டுக் கேள்வி கேட்டேன். இருக்கேன் சிஸ்டர் என்றாள்.

அண்ணி போனை வாங்கி எதற்கு வந்தோம் என்று சொல்லத் தொடங்கினாள். பேங்க் பற்றிச் சொன்னாள், போலிப் பக்கம் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் காலால் மெதுவாக இடித்தேன். அண்ணி நிறுத்தவில்லை.

"இன்னொன்னும் சொல்லணும்மா. வேற யாரும் கேக்க மாட்டாங்கன்னு உன் கையப் பிடிச்சிச் சொன்னேன். அது தப்பாப் போச்சு. நீ பையன்கிட்ட பேசுன நாள்லயும் சாவி வெளியதான் கிடந்திருக்கு. யாராவது கேட்டிருக்கலாம். கேட்கலன்னு என்னால சத்தியம் பண்ண முடியல."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அங்கேயே அறைந்திருப்பேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தரையைப் பார்த்தேன். தரையெல்லாம் கண்ணாடித் தூள். கடைக்காரர் முன்னால் யாருக்கோ ஃப்ரேம் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் கேட்டாள்.

"யாராவது கேட்டிருந்தா, அவங்கள கண்டுபிடிக்க முடியுமாக்கா?"

போலீஸுக்குப் போகத்தான் கேட்கிறாள் என்று அண்ணி நினைத்துவிட்டாள். "புகார் கொடுக்கணும்னா கொடும்மா, எம்பேர்லயே கொடு, நான் வந்து சொல்றேன்," என்றாள்.

"புகார் இல்லக்கா." அந்தப் பெண் சில்லைக் கீழே வைத்தாள். "வீட்டுல யாரும் அவன் பேச்சை எடுக்கறதில்ல. அவரு போட்டோவெல்லாம் அழிச்சிட்டாரு, நான் பாத்துப் பாத்து அழறேன்னு. எங்கம்மா, அது கணக்குல சேராது, அடுத்தது நல்லபடியா வரும்ங்குறாங்க. அவன் இருந்தான்னு நான் ஒருத்திதான் சொல்லிட்டிருக்கேன். யாராவது நான் அவன்கிட்ட பேசுனத கேட்டிருந்தா, அவங்களுக்கும் தெரியும்ல?"

இத்தனை நாளாக எங்களைத் தூங்கவிடாமல் அடித்த அந்த முகம் தெரியாத ஒருவனை, இவள் தேடுகிறாள். அவன் இருந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எங்கள் பிரிவில் ஒரு ஒழுங்கு உண்டு. தாய் பேசும்போது நர்ஸ் தள்ளிப் போய்விட வேண்டும். ஆனால் குழாய் வழியாகப் பால் கொடுக்கிற நேரமும் அவள் பேசுகிற நேரமும் ஒன்றாகவே வரும். பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டு நிற்கிறவள் எங்கே தள்ளிப் போவது? குனிந்தால் அந்தத் தீப்பெட்டி ஸ்பீக்கர் என் காதுப் பக்கம்தான் இருக்கும். கேட்காத மாதிரி இருந்துகொள்வேன். வெளியே யாரிடமும், அண்ணியிடம்கூட, சொன்னதில்லை.

"நான் கேட்டேம்மா," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் எதையோ சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள் போல. அதனால் சொன்னேன். "பஸ் நம்ம தெருவுக்குத் திரும்பும்போது இடது பக்கமா உக்காந்தாத்தான் வெயில் அடிக்காதுன்னு சொன்னே. அப்பா குறட்டை விட்டா பயந்துக்காதே, அது லாரி இல்லைன்னு சொன்னே. உனக்கு எப்பவாவது கண்ணாடி வேணும்னா வேற யாரையும் தேய்க்க விடமாட்டேன், நானே தேய்ச்சுப் போடுவேன்னு சொன்னே. அப்ப அவன் கால நீட்டினான். நான் பால் குழாயப் பிடிச்சிட்டிருந்தேன், என் விரல்ல உதைச்சான்."

அவள் தன் ஸ்டூலிலிருந்து எழுந்து அதை என் பக்கம் தள்ளினாள். நான் உட்கார்ந்தேன். அவள் கண்ணாடித் தூளைப் பற்றிக் கவலைப்படாமல் என் எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னும் என்ன சொன்னேன் சிஸ்டர்?" என்று கேட்டாள்.